செத்த கரி

காலை எட்டு மணிக்கு அலறல் கேட்டது. எட்டேகாலுக்குள் பெரியவர் செத்துவிட்டார் என்று மூன்று பேர் நாடி பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எட்டரைக்குள் அவரைக் கொன்றது எது என்பதும் முடிவாகிவிட்டது. கரி.

பெரியவர் என்பவர் நிலக்கரி ஆய்வகத்தின் தலைமை வேதியியலாளர். அறுபதை நெருங்கியவர். முன்கோபி, ஆனால் நியாயஸ்தர். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவரை எல்லோரும் சின்னவர் என்பார்கள். இருவருக்கும் எந்த உறவும் இல்லை. பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்ததில் வந்த பட்டம் அது.

செத்த இடம் கரிக் கிடங்கு. ஆய்வகத்தின் பின்பக்க நடையில், மூன்று படி கீழே இறங்கினால் வரும் ஜன்னலில்லாத அறை. தானாக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு. உள்ளே மூன்று சுவரிலும் தட்டுத் தட்டாக இரும்பு ராக்குகள், அதில் தட்டங்கள், தட்டங்களில் சுரங்கத்திலிருந்து குடைந்தெடுத்த கரித் துண்டுகள். கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: ‘கரி ஆக்சிஜனைக் குடிக்கும். விசிறி ஓடாமல் உள்ளே போகாதே.’

விசிறியின் சுவிட்ச் வெளியே நடையில் இருந்தது. அதைத் தினமும் மாலையில் போட்டுவிட்டுப் போகவேண்டியது கிடங்குப் பொறுப்பாளரின் வேலை. ஸ்டோர் அக்கா என்று கூப்பிடுவார்கள். காலையில் விசிறி ஓடவில்லை. பெரியவர் உள்ளே போயிருக்கிறார், மூச்சடைத்து விழுந்திருக்கிறார். இரண்டும் இரண்டும் நாலு. ஆய்வகத்தில் படித்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால் கணக்கு சீக்கிரம் முடிந்தது.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். காவல் நிலையத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவளுக்கும் தெரியாமலில்லை. உட்கார்ந்து விசாரிக்கிற வழக்கமே கிடையாது. நடந்துகொண்டே கேட்பாள், பதில் சொல்கிறவர் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பதில் சொல்லவேண்டும். கூட வந்த ஏட்டு அவளுக்கு நேர் எதிர். நாற்காலியைக் கண்டால் விடமாட்டார்.

உடலைப் பார்த்தாள். உடம்பில் காயமில்லை. கிடங்குக்குள் இறங்கினாள். விசிறி இப்போது பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டில் ஒரு தட்டம் பாதி வெளியே இழுபட்டு நின்றது. நாலைந்து கரித் துண்டுகள் தரையில் சிதறிக் கிடந்தன.

“குனிஞ்சு எடுத்துட்டிருந்திருக்கார்” என்றாள்.

“ஆமா மேடம். அப்படியே குப்புற.” படியின் மேலே நின்று சின்னவர் சொன்னார். ஒல்லியான, சுத்தமான மனிதர். கண்ணாடியை அடிக்கடி துடைத்தார். “ஒரு வாரமா காலையில ஏழு மணிக்கே வந்துடுவார். யாரையும் தொட விடமாட்டார். தன் கையே தனக்குதவின்னு இருக்கிற ஆளு.”

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு கீழ்த்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தடயப் பையில் போட்டாள். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுப் பையின் வாயை இறுக்கி மூடினாள். எதை எடுத்தாலும் ஜோடியாக எடுப்பது அவள் பழக்கம். மேல்தட்டிலிருந்து இன்னொரு துண்டு, இன்னொரு பை.

“அது எதுக்கு மேடம்?” சின்னவர் சிரித்தார். “செத்த கரி அது. ரெண்டு வருஷமா காத்துல கிடக்கு. உள்ள இருந்த வாயு எல்லாம் எப்பவோ போயாச்சு. இனிமே அடுப்புக்குத்தான் ஆகும்.”

“செத்த கரியா?”

“நாங்க அப்படித்தான் சொல்லுவோம். பூமிக்குள்ள கரி மீத்தேன் வாயுவைப் பிடிச்சு வெச்சிருக்கும். வெட்டி எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமா விடும். எவ்வளவு விடுதுன்னு அளக்கிறதுதான் என் வேலை. விட்டு முடிச்சா எங்களைப் பொறுத்தவரை அது செத்தாச்சு.”

“உங்களுக்கு எப்பத் தெரியும், இங்க ஆக்சிஜன் இல்லைன்னு?”

“ஸ்டோர் அக்கா கத்தினதும் மீட்டரை எடுத்துட்டு ஓடி வந்தேன். படியில நின்னு அதோட வாரைப் பிடிச்சு உள்ள இறக்கிப் பார்த்தேன். விதி அதுதான், அளக்காம இறங்கக் கூடாது. நாலு வாயு காட்டும் இது. ஆக்சிஜன் வெறும் ஒன்பது சதவீதம். வெளியில இருபத்தொண்ணு இருக்கணும். மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, கரியமில வாயு மூணும் சைபர். உடனே விசிறியைப் போட்டேன்.”

“வேற யாராவது மீட்டரைப் பார்த்தாங்களா?”

“அந்த நேரத்துல யாரு மேடம் பார்ப்பா? ஆளைத் தூக்கறதா, மீட்டரைப் பாக்கறதா?”

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் தலையாட்டினாள்.

ஸ்டோர் அக்கா நடையின் கோடியில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெரியவரைத் தனியாளாகக் காலைப் பிடித்துப் படி மேலே இழுத்தவள் அவள்தான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

“விசிறி போட்டீங்களா?”

“போட்டேன்மா. நேத்து சாயங்காலம் போட்டுட்டுத்தான் கிளம்பினேன்.”

“காலையில?”

“ஓடலை.”

“யார் நிறுத்தினா?”

“எனக்கெப்படிம்மா தெரியும்? நடையில எல்லாரும்தான் போறாங்க வர்றாங்க.”

“கதவைத் திறந்ததும் என்ன பண்ணீங்க?”

“அவர் கால் தெரிஞ்சுது. ஓடிப் போய் இழுத்தேன். மூக்கு சுரீர்னு எரிஞ்சுது. சோடாவைக் குடிச்சுட்டு ஏப்பம் விட்டா மூக்குல ஏறுமே, அந்த மாதிரி. வாயெல்லாம் புளிச்சுது. மூச்சு இரைச்சுது, நாய் இரைக்கிற மாதிரி. எப்படி வெளிய வந்தேன்னே தெரியலை.”

“பயத்துல அப்படித்தான் இருக்கும்” என்றார் பக்கத்தில் நின்ற சின்னவர், இரக்கத்தோடு. “மறதி யாருக்கு இல்லை? வேணும்னு பண்ணலையே.”

“நான் மறக்கலை சார்!”

“சரிம்மா, சரி.”

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மேலதிகாரி. அவருக்கு எதையும் ஒரு வரியில் முடிக்கவேண்டும்.

“என்னம்மா, கவனக்குறைவுதானே? அந்தப் பொம்பளைகிட்ட வாக்குமூலம் வாங்கிடு. நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள கைது காட்டணும்.”

“பார்க்கிறேன் சார்.”

“பார்க்க என்ன இருக்கு? கதவுலயே எழுதிப் போட்டிருக்கானாமே!”

அதுதான் அவளை உறுத்தியது. கதவிலேயே எழுதிப் போட்டிருந்தது. சாவுக்கான காரணத்தைச் சிவப்பு எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டி வைத்திருக்கிற இடத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. நடையில் மேலும் கீழுமாக நடந்தாள். கிடங்குக்கு அடுத்த கொட்டகையில் வாயு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. கிடங்குச் சுவரின் அடியில், தரைமட்டத்தில், ஒயர் போகிற ஓட்டை ஒன்று இருந்தது. கை நுழையாது, ரப்பர் குழாய் தாராளமாக நுழையும். ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த சிலந்தி வலை அறுந்திருந்தது.

பதினொரு மணி. வெயில் ஏறிவிட்டது. ஜீப்பில் தண்ணீர் குடிக்கப் போன ஏட்டு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

“மேடம், ஒரு பை உப்பியிருக்கு.”

“என்ன பை?”

“கரி போட்டீங்களே, அதான். என் தொந்தி மாதிரி ஆயிடுச்சு.”

அவள் ஓடினாள். ஜீப்பின் முன்சீட்டில் வெயிலில் கிடந்தன இரண்டு பைகளும். மேல்தட்டுக் கரியின் பை லேசாகத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். கீழ்த்தட்டுக் கரியின் பை கும்மென்று உப்பி நின்றது. தட்டினால் ‘டப்’பென்று வெடிக்கும்போலிருந்தது.

காற்றை அழுத்தி வெளியேற்றித்தானே மூடினாள்? செத்த கரி என்று சொன்னாரே அந்த மனுஷன்? செத்தது எப்படி மூச்சு விடும்?

“ஏட்டய்யா, வெளியில முற்றத்துல பழைய கரி குவிச்சு வெச்சிருக்காங்களே, அதே ரெண்டு வருஷத்துக் கரிதானான்னு கேளுங்க. அதிலிருந்தும் ஒரு துண்டு பையில போட்டு, காத்தை எடுத்து, இதே சீட்டுல வைங்க. யார்கிட்டயும் பேச்சு வேண்டாம்.”

“எதுக்கு மேடம்?”

“எனக்கே இன்னும் தெரியலை. தெரிஞ்சா சொல்றேன்.”

ஆய்வகத்தில் சோடாக்காரர் என்று ஒருவர் உண்டு. பொறியாளர். கரியமில வாயுவை, அதாவது சோடாவில் அடைக்கிற அதே வாயுவை, கரிக்குள் செலுத்திப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. மூன்று வருடமாக அதையே செய்வதால் அந்தப் பெயர். பரட்டைத் தலை, பட்டன் தவறிய சட்டை. மூன்று நாளுக்கு முன் பெரியவரின் அறையில் அவர் கத்தியது மாடிவரை கேட்டதாக நான்கு பேர் தனித்தனியாக வந்து இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது ஆபீஸ் வம்புக்கும் பொருந்தும்.

அவள் அவருடைய அறைக்குள் நுழைந்ததுமே அவர் முகம் வெளுத்தது.

“‘இனிமே ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன்’னு கத்தினீங்களாமே?”

“கத்தினேன்.”

“எதை?”

“அதைச் சொல்லக் கூடாதுன்னு பெரியவர் சத்தியம் வாங்கியிருக்கார்.”

“அவர் இப்ப இல்லை.”

சோடாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபக்காரர்களுக்கு அழுகை சீக்கிரம் வரும்.

“சரி, வேற கேட்கிறேன். இந்தக் கிடங்குக் கரி ஒரு ராத்திரியில அறையில இருக்கிற ஆக்சிஜனைப் பாதி குடிக்குமா?”

“புதுசா உடைச்ச கரின்னா குடிக்கும். அதுக்குத்தான் அந்தப் போர்டு, முன்னாடி புதுக்கரி வெச்சிருந்தப்ப மாட்டினது. இது ரெண்டு வருஷமா காத்துல கிடக்குது மேடம். குடிக்கவேண்டிய ஆக்சிஜனை எப்பவோ குடிச்சு முடிச்சாச்சு. வாரக்கணக்குல மூடி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. அதனாலதான் விசிறி ஓடலைன்னாலும் பெரியவர் தயங்காம உள்ள போவார். நான் காலையிலேர்ந்து இதையேதான் யோசிச்சிட்டிருக்கேன்.”

“ஏன் சொல்லலை?”

அவர் தரையைப் பார்த்தார். “கொட்டகையில என் சிலிண்டர் ஒண்ணு காலி மேடம். நேத்து நிறைஞ்சிருந்தது. இன்னைக்குக் காலையில தட்டிப் பார்த்தா வெறும் சத்தம். சொன்னா என்னைத்தான் பிடிப்பீங்க.”

“பிடிச்சிருப்பேன்” என்றாள் அவள், ஒளிக்காமல். முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த உப்பிய பையை மேசை மேல் வைத்தாள். “இது என்ன?”

சோடாக்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எந்தத் தட்டு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“ஐயோ” என்றார். “மூச்சு முட்டிச் செத்தவரைக் கரியும் சேர்ந்து பார்த்துட்டிருந்திருக்கு.”

“புரியற மாதிரி சொல்லுங்க.”

“கரி பார்க்கத்தான் கல்லு மேடம். உள்ள முழுக்க நுண்ணிய துளை. ஒரு கைப்பிடிக் கரியில இருக்கிற துளைச் சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா ஒரு விளையாட்டு மைதானம் பத்தாது. வாயு அந்தச் சுவர்ல போய் ஒட்டிக்கும். எந்த வாயுவும் ஒட்டும், ஆனா என் சோடா வாயுன்னா கரிக்குத் தனி ஆசை. மீத்தேனைப் போல ரெண்டு பங்கு பிடிக்கும். பெரிய விரிசல் வழியா வாயு ஓடும். நுண்துளைக்குள்ள ஓட முடியாது, ஊர்ந்துதான் போகும். ஊர்ந்து போனது ஊர்ந்துதான் வெளிய வரும்.”

“விசிறி போட்டாலும்?”

“விசிறி அறையைத்தான் துடைக்கும். கரிக்குள்ள விசிறி ஏது?”

“அப்ப சின்னவர் செத்த கரின்னு சொன்னது?”

“மூணு வருஷமா அவர்கிட்ட இதைத்தான் சொல்றேன். கரி என்ன கொடுக்குதுன்னு மட்டுமே அளந்து பழகின மனுஷன். கொடுக்க ஒண்ணுமில்லாத கரிக்குத்தான் வாங்க இடம் நிறைய இருக்கும். காதுலயே போட்டுக்க மாட்டார்.”

இன்ஸ்பெக்டர் மேசையைச் சுற்றி இரண்டு முறை வந்தாள். பிறகு நின்றாள்.

“இப்ப அந்தச் சத்தியத்தை உடைங்க. பெரியவர் ஒரு வாரமா கிடங்குல என்ன பண்ணினார்?”

அவர் உடைத்தார்.

இரண்டு மணிக்கு அவள் நடைக்குத் திரும்பி வந்தபோது ஸ்டோர் அக்காவின் கணவர் வந்திருந்தார். பஸ் டிரைவர். நல்ல மனிதர். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இவளுக்கு மறதி ஜாஸ்தி சார். அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியிலேர்ந்து திரும்பி வருவா. பூட்டைப் போட்டுட்டு மறுபடி போய் இழுத்துப் பார்ப்பா. மனசுல ஒண்ணும் கிடையாது சார் இவளுக்கு.”

சின்னவர் ஒரு வெள்ளைத் தாளோடு பக்கத்தில் நின்றார். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டதாகவும், மறந்துவிட்டேன் என்று தானாகவே எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையும் என்றும் சொன்னார். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அன்பாக.

ஸ்டோர் அக்கா இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் இருந்த வேகம் முகத்தில் இல்லை.

“நான் மறந்திருப்பேனோ என்னமோம்மா” என்றாள். “சுவிட்சைப் போட்டது ஞாபகம் இருக்கு. ஆனா அது நேத்தா, முந்தா நாளான்னு இப்பத் தெரியலை. எழுதிக்கோங்க. பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போக விடுவீங்களா?”

இன்ஸ்பெக்டருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கொலையைவிட இது மோசம் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது.

“எழுத வேண்டாம்” என்றாள். “பேனாவைக் கீழ வைங்க. எல்லாரும் பெரிய கூடத்துக்கு வாங்க.”

மேலதிகாரியிடமிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. அவள் போனை ஏட்டிடம் கொடுத்துவிட்டாள். “பாத்ரூம்ல இருக்கேன்னு சொல்லுங்க.”

“இவ்வளவு நேரமா மேடம்?”

“வயித்துக் கோளாறுன்னு சொல்லுங்களேன்!”

பெரிய கூடத்தின் மேசையில் மூன்று கண்ணாடி டம்ளர்கள். மூன்றிலும் தெளிந்த சுண்ணாம்பு நீர், ஆய்வக அலமாரியிலிருந்து எடுத்தது. அருகில் மூன்று பைகள். ஒன்று கும்மென்று, ஒன்று தளர்வாக, ஒன்று ஒட்டித் தட்டையாக. சின்னவர் பைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சார், உங்க மீட்டர் கணக்கை எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க” என்றாள் இன்ஸ்பெக்டர், மேசையைச் சுற்றிக்கொண்டே.

“ஆக்சிஜன் ஒன்பது. மற்ற மூணும் சைபர்.”

“கரியமில வாயுவும்?”

“சைபர்.”

“நிச்சயமா? பதட்டத்துல தப்பாப் படிச்சிருக்கலாமே.”

“இருபது வருஷமா மீட்டர் படிக்கிறேன் மேடம். என் கண்ணால பார்த்தேன். சைபர்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தப்பிக்க ஒரு வாசலை அவள் திறந்து வைத்தாள். சுயகௌரவத்தில் அவரே அதைச் சாத்திக்கொண்டார்.

அவள் உப்பிய பையின் மூலையில் ஒரு உறிஞ்சுகுழலைக் குத்தி, மறுமுனையை முதல் டம்ளரில் விட்டு, பையை மெல்ல அழுத்தினாள். குமிழிகள் எழுந்தன. தெளிந்த நீர் கலங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால்போல் வெளுத்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த சோதனைதான். கரியமில வாயு பட்டால் சுண்ணாம்பு நீர் வெளுக்கும்.

“இது கீழ்த்தட்டுக் கரி. காலையில ஒன்பது மணிக்கு நானே எடுத்தது.”

இரண்டாவது பை. நீர் லேசாக மங்கியதோடு சரி. “இது மேல்தட்டு. சோடா வாயு காத்தைவிடக் கனம். தரையில தங்கும். அதனாலதான் நின்னவங்க பிழைச்சாங்க, குனிஞ்சவர் செத்தார். ஸ்டோர் அக்காவுக்கு மூக்கு எரிஞ்சதும் வாய் புளிச்சதும் பயத்துனால இல்லை. ஆக்சிஜன் குறைஞ்சா மூக்கு எரியாது. சத்தமில்லாம மயக்கம்தான் வரும்.”

“மேடம்” என்றார் சின்னவர். குரல் இன்னும் நிதானமாகத்தான் இருந்தது. “பழைய கரி காத்தோட சேர்ந்து கொஞ்சம் கரியமில வாயு தானாவே விடும். இது சாதாரணம்.”

“அதையும் கேட்டுக்கிட்டேன் சார். மூணாவது பை, அதே வயசுக் கரி, முற்றத்துக் குவியல்லேர்ந்து. அதே ஜீப், அதே வெயில்.” தட்டையான பையில் அழுத்த எதுவுமே இல்லை. கடைசியில் இரண்டு குமிழி வந்தது. நீர் தெளிவாகவே நின்றது.

“விடியற்காலையில ஒருத்தர் வந்திருக்கார். விசிறியை நிறுத்தியிருக்கார். ஒயர் ஓட்டையில குழாயை விட்டு ஒரு சிலிண்டர் வாயுவைக் கிடங்குக்குள்ள நிரப்பியிருக்கார். வாயு பொங்கி வந்ததும் காத்து விலகிப்போச்சு, அதனால ஆக்சிஜன் ஒன்பதுக்கு இறங்கினது உண்மை. கதவுல போர்டு இருக்கு, பழியைச் சுமக்க ஒரு பொம்பளை இருக்கா. கதவைத் திறந்து விசிறியைப் போட்டா வாயு போயிடும், தடயமே இருக்காது. கரியைத்தான் மறந்துட்டார். அவருக்கு அது செத்த கரி.”

“சிலிண்டர் என்னுது இல்லையே!” சின்னவர் சோடாக்காரரைப் பார்த்து விரலை நீட்டினார். “அவருது. சண்டை போட்டதும் அவர்தான்.”

“சிலிண்டர் அவருதுதான். ஆனா அவரா இருந்தா அந்த அறையைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார். இந்த வாயுவைக் கரி விழுங்கி வெச்சுக்கும்னு மூணு வருஷமா தொண்டை வத்தக் கத்தின ஒரே ஆளு அவர். அதை விடுங்க. சோடாக்காரர் செஞ்சார்னே வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு.”

அவள் நடையை நிறுத்தினாள்.

“கரிக்குள்ள இவ்வளவு வாயு ஏறணும்னா அறை முழுக்க அந்த வாயு இருந்திருக்கணும். உங்க மீட்டர் அதைக் காட்டியிருக்கணும். நீங்க ஏன் சார் சைபர்னு சொன்னீங்க?”

சின்னவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“தப்பாப் படிச்சேன்னு சொல்ல முடியாது, இருபது வருஷம்னு நீங்களே சொல்லிட்டீங்க. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது, ஆக்சிஜன் சரியாக் காட்டியிருக்கு. அறையில என்ன வாயு இருந்ததுன்னு அந்த நேரத்துல மறைக்கவேண்டியவர் ஒருத்தர்தான், அதைத் திறந்து விட்டவர். இன்னொண்ணு. ஒருத்தி தனியா ஆளை இழுக்கிறா, நீங்க படியை விட்டு இறங்கலை. விதின்னு சொன்னீங்க. கீழ என்ன இருக்குன்னு மீட்டர் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்.”

“எதுக்காக? நான் எதுக்காக அவரைக் கொல்லணும்?”

பதிலைச் சோடாக்காரர் சொன்னார். செத்த கரிகளுக்குள் பெரியவரும் அவரும் ஒரு வாரமாக அழுத்தம் கொடுத்து மீத்தேனைத் திரும்பச் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்து வந்தார்கள். ஆழத்துச் சுரங்கத்தின் கரி, சின்னவர் அளந்து கொடுத்ததைப்போல நாலு மடங்கு பிடித்தது. பழைய பதிவேட்டைப் புரட்டியதில் காரணமும் தெரிந்தது. குடைந்தெடுத்த கரியை உடனே டப்பாவில் போட்டு மூடவேண்டும். சின்னவர் அந்த ஆழத்துக் கரியை வெயிலில் அரைநாள் போட்டுவிட்டு மூடியிருந்தார். வாயு முக்கால்வாசி போனபிறகு மிச்சத்தை அளந்து, ‘பயமில்லை’ என்று கையெழுத்திட்டிருந்தார். அந்தக் கையெழுத்தை நம்பி இறங்கியவர்களில் இருவர் சென்ற வருடம் வாயு வெடித்துச் செத்தார்கள். விதி என்று எல்லோரும் அழுதுவிட்டுப் போனார்கள்.

“உடனே சொல்லிடலாம்னு நான் கத்தினேன்” என்றார் சோடாக்காரர். “கடைசி ஒரு சோதனை, அது முடிஞ்சதும் நானே அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்னார். அவனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்னார்.”

சின்னவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“கூப்பிட்டார்” என்றார். “நேத்து மத்தியானமே கூப்பிட்டுச் சொல்லிட்டார். ரெண்டு நாள் டைம் தர்றேன், நீயே போய்ச் சொல்லிடுன்னார். ஒரு நாள்... ஒரே ஒரு நாள், என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு வீட்டுக்குப் போயிட்டேன். டப்பாவை மூட மறந்துட்டேன். மறதிதான். வேணும்னு பண்ணலை.”

“மறந்தது தப்பில்லை சார்” என்றாள் இன்ஸ்பெக்டர். “மறந்தேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னொரு கரியை வெட்டி அளந்திருப்பாங்க. மூணு உயிர் இருந்திருக்கும். நீங்க மறந்ததைச் சொல்லவே இல்லை, மறக்காதவளை மறந்தேன்னு எழுதச் சொன்னீங்க.”

ஏட்டு முன்னால் வந்தார். சின்னவர் எதிர்க்கவில்லை. கதவருகே போனதும் திரும்பி, கண்ணாடி மேசை மேல் இருக்கிறது என்றார். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

மணி மூன்றரை. கூடம் காலியானது. சோடாக்காரர் ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பஸ் டிரைவர் மனைவியின் தோளைத் தொட்டு, “வா, போகலாம். அதான் எல்லாம் முடிஞ்சுதே” என்றார்.

ஸ்டோர் அக்கா நகரவில்லை. இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியான பிடி.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்கணும்.”

“கேளுங்க.”

“விசிறி... நான் போட்டுட்டுத்தானே போனேன்?”

“போட்டுட்டுத்தான் போனீங்க.”

“நேத்துதானே?”

“நேத்துதான்.”

அவளுக்கு அழுகை பீறிட்டது. காலையில் மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. கணவர் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைக் கையால் தள்ளினாள்.

“நீங்க பேசாதீங்க” என்றாள். “எல்லாருமாச் சேர்ந்து சொல்லிச் சொல்லி, நானே ஒரு மனுஷனைக் கொன்னுட்டேன்னு என்னை நம்ப வெச்சுட்டீங்க.”